உன் செடியின் பெயர் வேலிமசால், திலகா

கல்யாணத்துக்குப் பிறகும் ஒரு நாள்கூட "அண்ணி" என்று கூப்பிட விடாத என் திலகாவுக்கு,

இன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். முகூர்த்த மாதத்தில் லீவு கேட்டால் முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று தெரிந்துதான் சொன்னேன். பதினைந்து நாளாகக் காந்தி ரோட்டுக் கடையில் நின்றபடியே புடவை பிரித்துக் காட்டியதில் கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடக்கின்றன. அது உடம்பு அசதி, தூங்கினால் போய்விடும். இன்னொரு அசதி இருக்கிறது. அது உன்னிடம் சொல்லாமல் தீராது போலிருக்கிறது.

உன் செடியைப் பற்றித்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும் என்று முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள். நீயும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டனி படித்தவர்கள். நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு பிள்ளையார்பாளையத்துக்கு வந்தாய், பெண்கள் பள்ளியில் டீச்சரானாய். நான் புடவைக் கடைக்குப் போனேன். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் போதும், பழைய செய்தித்தாள் கட்டு ஒன்றும் லென்ஸ் ஒன்றுமாக இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். "புருசன வுட்டுட்டு நாத்தனாரு கூட ஓடிப்போற மருமவள இப்பத்தான் பாக்குறேன்" என்று அம்மா வாசலில் நின்று சத்தமாகச் சொல்வாள். நீ திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாய்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான், ஆறு வருஷத்துக்கு முன்னால், திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் வேகவதிக் கரையில் அதைப் பார்த்தோம். தரையோடு தரையாகக் கிளை பரப்பிக் கிடந்தது. புளிய இலையைவிடப் பொடியான இலை, பறித்துப் பையில் போட்டதுமே மூடிக்கொண்டது. முள் கிடையாது. நுனியில் சுண்டுவிரல் நகம் அளவுக்குப் பூக்கொத்து. காய் ஒன்றுகூட இல்லை. ஏன் இல்லை என்று நாம் கேட்டுக்கொள்ளவே இல்லை, பார்த்தாயா?

நம் கையில் இருந்தது கல்லூரிக் காலத்து ஜெராக்ஸ் பக்கங்கள். அவற்றில் இந்த மண்ணில் தானாக வளர்பவை மட்டும்தான் இருந்தன. யாரோ வெளியிலிருந்து கொண்டுவந்து விதைத்த செடிகளுக்கு அதில் இடம் இல்லை. முள் உண்டா, இல்லை. படர்கிறதா, ஆமாம். இப்படிக் கேள்வி கேள்வியாக இறங்கிப் போனால் கடைசியில் எதிலாவது போய் நின்றுதானே ஆகவேண்டும்? நம் செடி ஒரு நெப்டூனியாவில் போய் நின்றது. தொட்டாற்சிணுங்கியின் முள்ளில்லாத நாட்டுச் சொந்தம். இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்ததாக நமக்குத் தெரியாது. நீ சாலையிலேயே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாய்.

புத்தகம் பூ மஞ்சள் என்றது. நம் பூ வெள்ளை. நீ "வெளிறிய மஞ்சள்" என்று எழுதினாய். இலைக்காம்பில், சிறகு மாதிரியான இலைப்பிரிவு முதல் ஜோடியாகப் பிரிகிற இடத்தில், கிண்ணம் போல ஒரு சின்னப் புள்ளி இருந்தது. "பூச்சி கடிச்சிருக்கு" என்றாய். லென்ஸ் அப்போது என் கையில்தான் இருந்தது. நானும் பார்த்தேன். "ஆமா, பூச்சிதான்" என்றேன். பள்ளி ஆய்வகத்தில் அதைக் காயவைத்துத் தாளில் தைத்து, கீழே பெயர்ச்சீட்டு ஒட்டினாய். இனம் கண்டவர் திலகா, சரிபார்த்தவர் சுமதி.

அப்புறம் நடந்ததெல்லாம் உன் வேகம். அந்த இடத்தில் ஆடுகள் மேய்வதைப் பார்த்து உனக்குத் தூக்கம் போனது. பிள்ளைகளிடம் கையெழுத்து வாங்கினாய், மனு கொடுத்தாய், ஆறு மாதம் அலைந்தாய். புறம்போக்கில் ஒரு துண்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது, சின்னதாக ஒரு கதவும் பூட்டும் வந்தன, சாவி உன்னிடம் வந்தது. ஆட்டை ஓட்டிக்கொண்டு வருகிற அம்மாவை நீ கைதட்டி விரட்டியதை நான் பார்த்திருக்கிறேன். உன் மாணவிகள் அதை "மிஸ் செடி" என்றே சொன்னார்கள். வேலி போட்ட இரண்டாம் வருஷம் அது தரையை விட்டு எழுந்து இடுப்பு உயரத்துக்கு நின்றது. "பாதுகாப்பு குடுத்தா எப்படி நிமிருது பாரு!" என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னாய். படர்கிற செடி ஏன் நிமிர்கிறது என்று நானாவது கேட்டிருக்கவேண்டும். கடையில் ஜரிகையைச் சுரண்டிப் பார்க்காமல் நம்பமாட்டேன், உன்னை மட்டும் நம்பினேன்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது.

போன மாதம் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். விரல் நுனியெல்லாம் மயில்கழுத்துப் பச்சை, சாயப்பட்டறையிலிருந்து நேராக வந்திருக்கிறார். உன் முதல் திதி அன்று வேலிக்குப் பக்கத்தில் ஒரு போர்டு வைக்கப் போவதாகச் சொன்னார். "அரிய நாட்டுத் தாவரம். கண்டறிந்து காத்தவர் ஆசிரியை திலகா." வாசகத்தை நான் சரிபார்க்கவேண்டும், பூவும் காயுமாக நல்ல போட்டோ ஒன்றும் வேண்டும். ஒரு வருஷத்தில் அவர் தானாக விரும்பிக் கேட்ட முதல் காரியம் அதுதான், திலகா.

வாரலீவு அன்று செல்போனை எடுத்துக்கொண்டு போனேன். வேலி போட்டபின் நான் போனதெல்லாம் பூக்கும் காலத்தில்தான்; இந்த முறை காய் இருந்தது. ஒரே காம்பிலிருந்து ஐந்தாறு காய்கள், விரல்களை விரித்த மாதிரி, நீளமாக, ஒல்லியாக, கருத்த பழுப்பில். நெப்டூனியாவின் காய் குட்டை, தட்டை. கம்பிக்கு வெளியே நின்று ஒரே கொத்தை ஏழெட்டு முறை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன், அது வேறு எதுவாகவாவது மாறிவிடும் என்பதுபோல.

"இன்னாமா, சுத்திச்சுத்திப் போட்டோ புடிச்சிக்கினு இருக்குற? மசாலுக்குக் கல்யாணமா?"

திரும்பினால் அதே அம்மா, நீ விரட்டியவர். கன்னியம்மா என்று பெயர். இரண்டு ஆடுகளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் முட்டியை அழுத்தியபடி நின்றிருந்தார்.

"எதுக்குங்க கல்யாணம்?"

"அதாம்மா, வேலிமசாலு. நீ போட்டோ எடுக்குறியே, அது. நீ அந்த செத்துப்போன டீச்சரம்மா வூட்டு ஆளா?"

"நாத்தனார். இது வேலிமசால்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? எங்க மாமியாரு காலத்துல மாட்டாஸ்பத்திரில வெதை குடுத்தாங்க. ஆட்டுக்குப் போடுங்க, நல்ல சத்துன்னாங்க. அது சும்மா வெதைச்சா மொளைக்காது. கொதிக்கிற தண்ணிய எறக்கி வச்சி, வெதையப் போட்டு, கொஞ்ச நேரத்துல வடிச்சிடணும். அப்படிப் பண்ணி நாங்கதான் இந்தக் கரையில தூவுனோம். அப்பால அதுவா பரவிக்கிச்சி."

"இத எங்க டீச்சர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லாம? கம்பி கட்டுன அன்னிக்கே சொன்னேன். 'அது வேறம்மா, இது வேற'ன்னாங்க. படிச்ச புள்ள சொல்லுது, நமக்கு இன்னா தெரியும்னு நானு வுட்டுட்டேன். ஆடு வுடுமா? கம்பில மூஞ்சியச் சொருவிக்கினு நின்னுச்சி."

ஆடுகள் நுனியைக் கடித்துக் கடித்துத்தான் அந்தச் செடி தரையோடு கிடந்திருக்கிறது. ஆடுகள் தின்றுதான் நமக்குக் காய் கிடைக்கவில்லை. ஆட்டுக்காக விதைத்த செடியை நாம் ஆட்டிடமிருந்து காப்பாற்றியிருக்கிறோம், திலகா.

ஏழு ஆடு வைத்திருந்தாராம். கோடையில் பக்கத்தில் பச்சை கிடைப்பது இந்த இடத்தில்தான். வேலி வந்தபின் பாலாறு வரைக்கும் ஓட்டிப் போயிருக்கிறார். முட்டி தாங்கவில்லை. ஒவ்வொன்றாக ஐந்தை விற்றுவிட்டார். இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. ஒரு ஆட்டின் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கியபடி, நேற்று என்ன சமைத்தேன் என்கிற மாதிரி சொன்னார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "கடைசியா முந்தின வருச மழைக்காலத்துல வந்தாங்கம்மா உங்க டீச்சரு. தலையில துணியக் கட்டிக்கினு, ஆட்டோவுல. கம்பியப் புடிச்சிக்கினு ரொம்ப நேரம் நின்னாங்க. ஒரு கொத்துக் காயப் பறிச்சி பையில போட்டுக்கினாங்க. அப்பால என்னைக் கூப்ட்டு, 'வெந்நியில போடணும்னு சொன்னீங்களே, எவ்ளோ நேரம்?'னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒரு வெத்தல மென்னு துப்புற நேரம்னேன். சிரிச்சிக்கினே போயிட்டாங்க."

அன்று நான் ஷேர் ஆட்டோ பிடிக்கவில்லை. நடந்தே வந்தேன். எவ்வளவு நேரம் என்று நீ ஏன் கேட்டாய்? நம்பாத ஒன்றைப் பற்றி யாராவது அவ்வளவு விவரமாகக் கேட்பார்களா?

மறுநாள் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டு உன் பள்ளிக்குப் போனேன். உன் இடத்துக்கு வந்திருக்கிற டீச்சர் சின்னப் பெண், நல்ல மாதிரி. பீரோவைத் திறந்துவிட்டாள். உன் தாள் மேலிருந்து மூன்றாவதாக இருந்தது. பூக்கள் காய்ந்து இப்போது நிஜமாகவே மஞ்சளாகியிருந்தன. லென்ஸை வைத்துப் பார்த்தேன். பூச்சிக்கடி எதுவும் இல்லை. ஒவ்வொரு இலையிலும், அதே இடத்தில், விளிம்பு கட்டிய கிண்ணம் மாதிரி, வேலிமசாலின் அடையாளமான சுரப்பி. எல்லா இலையையும் ஒரே இடத்தில் கடிக்கிற பூச்சியை நாம் எப்படி நம்பினோம்?

உதிர்ந்த துணுக்குகளைப் போட்டுவைக்கத் தாளின் ஓரத்தில் காகித உறை ஒட்டுவோமே, அதைத் திறந்தேன். உள்ளே ஒரு மடித்த பொட்டலம். அதற்குள் நான்கு காய்கள். வெடித்து முறுக்கிய தோல், மூலையில் பொடிப்பொடியாகப் பழுப்பு விதை. பொட்டலம் மடித்திருந்த காகிதத்தைப் பிரித்தேன். ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்குக் கொடுக்கிற டோக்கன் சீட்டு, உன் பெயரோடு. வேறு ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை.

அப்போது உன்மேல் எனக்கு வந்த கோபத்தை எழுதிவிடுகிறேன். ஏன்டி சொல்லவில்லை? தினமும் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தேனே. கடைக் கதை, பக்கத்து வீட்டுக் கதை, ஒன்றுமில்லாத கதையெல்லாம் பேசினோமே. அதற்கு நடுவில் "சுமதி, நம்ம செடி தப்பு" என்று நான்கு சொல் சொல்ல எவ்வளவு மூச்சு வேண்டும்? பிள்ளைகள் முகத்தை நினைத்தாயா? கன்னியம்மாவின் ஆடுகளை நினைத்து வெட்கப்பட்டாயா? சீட்டில் என் பெயரும் இருக்கிறதே என்று பார்த்தாயா? இல்லை, வெறும் அசதியா? வெறும் அசதிதான் என்றால் எனக்குப் புரியும். இப்போதெல்லாம் அது எனக்கு நன்றாகவே புரிகிறது.

ஆனால் காயைத் தூக்கி எறியாமல், என்றாவது நானோ வேறு யாரோ திறக்கிற இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அதையும் பார்த்தேன்.

அண்ணனிடம் சொல்லவேண்டியிருந்தது. மூன்று நாள் தள்ளிப்போட்டேன். நான்காம் நாள் பட்டறைக்கே போனேன். அண்ணன் கொப்பரைக்குப் பக்கத்தில் நின்று, நனைந்த பட்டுநூலைக் கழியில் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். ஆவிக்கு நடுவிலேயே சொல்லி முடித்தேன்.

"ஆடு திங்கற தழைன்னு போர்டுல எழுதச் சொல்றியா?"

"போர்டே வேணாம்ண்ணா. கதவத் தொறந்துடலாம்."

"இன்னா பேசுற நீ? அவ போயி ஒரு வருசம் கூட ஆவல. அதுக்குள்ள அவ தப்புன்னு சொல்லிக்கினு வந்து நிக்கிற. ஊருல யாரு கேட்டா ஒன்ன? நெப்டூனியாவோ என்னாவோ, அது எதுவா இருந்தா யாருக்கு நஷ்டம்?"

"கன்னியம்மாவுக்கு. அஞ்சு ஆடு போச்சு."

"அவ பேரு போறது பெருசில்ல, ஆடு போனது பெருசா?"

பள்ளியில் கேட்டு வாங்கி வந்திருந்த பொட்டலத்தை நீட்டினேன். ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். காயைப் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தார்.

"இது ஸ்கேனுக்குப் போன அன்னிக்குக் குடுத்தது," என்றார். "வரச்சொல்ல, திருப்பருத்திக்குன்றம் பக்கமா வண்டிய வுடச் சொல்லுன்னா. கொஞ்சம் காத்தாட நிக்கணும்னா. நான் எறங்கக்கூட இல்ல சுமதி. ஆட்டோலயே உக்காந்து போன் பாத்துக்கினு இருந்தேன்."

நூல் கொப்பரையிலேயே கிடந்தது. உதவிக்கு நின்றவர் "அண்ணே, நெறம் ஏறிடும்ணே" என்று இரண்டு முறை சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. சீட்டைப் பழையபடி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, "சாவி பூஜை ரூம் ஆணியில தொங்குது. போர்டு வேணாம்னு சொல்லிடுறேன். நான் அங்க வரமாட்டேன்" என்றார். அந்தக் கொப்பரை நூல் கெட்டுத்தான் போயிருக்கும். நான் கேட்கவில்லை.

திதி அன்று உனக்குப் பிடித்த வாழைக்காய் வறுவலும் மிளகு ரசமும் செய்தேன். எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபின் சாவியை எடுத்துக்கொண்டு கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், உன் சார்பிலும் என் சார்பிலும் மன்னிப்புக் கேட்டேன். மனப்பாடம் செய்து வைத்திருந்தேன், பாதியிலேயே அந்தம்மா கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"போன ஆடு வருமாம்மா? வுடு. வா, போவலாம்."

நான் கதவைத் திறந்து ஆடுகளை உள்ளே விடலாம் என்று நினைத்திருந்தேன். அதற்கும் திட்டு வாங்கினேன். "ஐயய்யோ, அவுத்து வுட்டா பட்டைய உரிச்சித் தின்னுட்டுப் போயிடும். முட்டி ஒசரம் வுட்டுட்டு அறுக்கணும். அப்பத்தான் மறுபடி தழையும். நீ இன்னாதான் படிச்ச?" என்று கேட்டு அரிவாளை என்னிடமே கொடுத்தார். நான் அறுத்தேன், அவர் கட்டினார். வெளியே கட்டிப்போட்டிருந்த ஆடுகள் இரண்டும் கழுத்து முறுகக் கத்தின. முதல் தழைக்கட்டை எடுத்துப் போட்டதும் அந்தச் சத்தம் சட்டென்று நின்று, அரைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"அஞ்சு வருசமா பூட்டு போட்டு, கம்பி கட்டி, இஸ்கூல் புள்ளைங்கள வுட்டுத் தண்ணி ஊத்தி வளத்துக் குடுத்திங்க," என்றார் கன்னியம்மா. "என் ஆட்டுக்கு இப்படி ஒரு மரியாதைய யாரு குடுத்தா, சொல்லு."

நான் சிரித்தேன், திலகா. உன் திதி அன்று, உன் வேலிக்குள் நின்று, வாய்விட்டுச் சிரித்தேன். நீ இருந்திருந்தால் என்னைவிடப் பெரிதாகச் சிரித்திருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒரு விஷயத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அண்ணன் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. சாப்பிட்டாயா என்றால் ம் என்கிறார். ஆனால் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

நேற்று பள்ளிக்குப் போய்ப் பொட்டலத்தை உறையில் பழையபடி வைத்தேன். பழைய பெயர்ச்சீட்டைக் கிழிக்கக்கூடாது, மறைக்கவும் கூடாது, திருத்தம் இருந்தால் பக்கத்தில் தனியாக ஒட்டவேண்டும் என்பது நாம் படித்த பாட்டனியில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். உன் சீட்டு உன் கையெழுத்தோடு அப்படியே இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினேன். "வேலிமசால். வெளியிலிருந்து வந்து, தீவனத்துக்காக விதைக்கப்பட்டு, கரையில் தானாகப் பரவியது. பெயர் சொன்னவர் கன்னியம்மா. காய் சேர்த்தவர் திலகா. முன்பு தவறாகச் சரிபார்த்து இப்போது திருத்தியவர் சுமதி."

கோடை லீவிலும் அட்மிஷன் வேலைக்கு வந்திருந்த அந்தச் சின்ன டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பேரு போடலாமா மேடம்?" என்றாள். தெரியவில்லை என்றேன். பசை காயும்வரை விரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். பள்ளி திறந்ததும் உன் பிள்ளைகள் முன்னால் போய் நிற்பேன். கன்னியம்மாவையும் கூட்டிக்கொண்டு போவேன், வரமாட்டேன் என்றாலும் விடமாட்டேன். பூவின் நிறத்தை நாம் எப்படி மாற்றி எழுதினோம் என்று சொல்வேன். சரியான பெயரைச் சொன்ன ஒருவரை எப்படிக் கைதட்டி விரட்டினோம் என்றும் சொல்வேன். உன்னைத் தப்பே செய்யாதவளாக ஆக்கமாட்டேன். தலையில் துணி கட்டிக்கொண்டு, கம்பியைப் பிடித்து நின்று, விரட்டிய அம்மாவிடமே போய்ப் பாடம் கேட்ட நாளையும் விடாமல் சொல்வேன். அந்த டீச்சரைத்தான் அவர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிக்கு,
தப்பில் சரிபாதிக்குச் சொந்தக்காரியான உன் நாத்தனார்,
சுமதி